கால்சட்டைக் கொக்கும் எங்கள் தாய்மாமனும்

நாங்கள் பார்த்தவரைக்கும் அந்தக் கொக்குக்குக் கல்யாணம் ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வயதுக்காரர்களான உங்களில் பாதிப்பேர் இப்போது கைபேசியில் பழைய பொம்மைப் படங்களைத் தேடி எடுத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகிறீர்கள். "அந்தக் காலம் வருமா" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள். எனக்குக் கண்ணீர் வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. நான் தேடும் படம் கிடைக்கவும் மாட்டேன் என்கிறது. கொக்கு என்று போட்டால் ஏரியில் ஒற்றைக்காலில் நிற்கிற நிஜக் கொக்குகள் வந்து குவிகின்றன. பெயர் தெரிந்தால் தேடலாம். பெயர் திரையில் ஆங்கிலத்தில் ஓடியது. சினிமாக் கொட்டகையில் எங்கள் பெஞ்சில் அதை எழுத்துக்கூட்டாமல் படிக்கக்கூடியவள் அக்கா ஒருத்திதான். அவளும் பெயரைச் சொல்லவில்லை.

கொக்குப் படம் பார்த்த அந்த வருஷம் அக்கா பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். எனக்குப் பத்து வயது இருக்கும். மாமா என்றால் அம்மாவின் தம்பி, எங்கள் தாய்மாமன். அம்மாவைக் கட்டிக் கொடுத்து அழைத்துவந்தபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்த பையன் அவர், தாய் தகப்பன் இல்லாததால் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். பிள்ளையார்பாளையத்தில் நீளமான ஓட்டு வீடு. முன்கட்டில் இரண்டு குழித்தறி. ஒன்றில் அப்பா நெய்வார், இன்னொன்றில் மாமா. பட்டுநூலுக்குப் போட்ட சாயத்தின் வாசனையும் கஞ்சி வாசனையும் எங்கள் சோற்றிலும் இருக்கும். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் மூக்கைச் சுளிப்பார்கள். எங்களுக்கு அது தெரியவே தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் மாமா எங்களை மாட்னி ஷோவுக்கு அழைத்துப்போவார். அந்தக் கோடையில் ஊரில் இரண்டு கொட்டகைகளுக்கு ஒரே படப்பெட்டி. ஒரு கொட்டகையில் ஓடி முடிந்த சுருளைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஓர் ஆள் அடுத்த கொட்டகைக்கு மிதித்து வருவான். அது வைகாசி மாசம். உற்சவம். தெருவெல்லாம் ஜனம், மாட்டு வண்டி, விசிறி விற்கிறவன், பொரி விற்கிறவன். சைக்கிள்காரன் அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வான். இங்கே திரை வெள்ளையாக நிற்கும். தரை டிக்கெட்டில் விசில் கிளம்பும், பெஞ்சு தடதடக்கும். உடனே ஆபரேட்டர் கொக்குப் பொம்மைப் படத்தை ஓட்டுவார்.

கொக்கு முழங்கால் தெரிகிற கால்சட்டையும் தோளில் இரண்டு வாரும் போட்டிருக்கும். கழுத்து ரொம்ப நீளம். கோபம் வந்தால் கழுத்து முடிச்சு விழுந்துவிடும், அதை அதுவே அவிழ்க்க வேண்டும். அதன் வீட்டில் மூன்று குட்டிக் கொக்குகள் இருந்தன. மூன்றும் சேர்ந்து அதன் உயிரை வாங்கும். தெருக்கோடியில் ஒரு பெண் கொக்கு தனி வீட்டில் குடியிருந்தது. கையில் எப்போதும் குடை. கண்ணிமை முடி ஒவ்வொன்றும் ஈர்க்குச்சி நீளம். கால்சட்டைக் கொக்கு முதுகுக்குப் பின்னால் பூவை ஒளித்துக்கொண்டு போய் அவள் கதவைத் தட்டும். அவள் திறப்பாள், ஏற இறங்கப் பார்ப்பாள், படாரென்று சாத்துவாள். கொக்கின் அலகு கதவிடுக்கில் மாட்டிக்கொண்டு தட்டையாகும். கொட்டகையே உருண்டு சிரிக்கும். மறுபடி தட்டும், மறுபடி சாத்துவாள். ஒருமுறை கதவு சாத்தாமல் நின்றது. அவள் தலையைச் சாய்த்து என்னமோ யோசித்தாள். அப்போது பார்த்து வாசலில் "பெட்டி வந்துடுச்சி" என்று கத்தினார்கள். கொக்கு பாதியில் அணைந்தது. திரையில் கதாநாயகியின் அழுகை தொடங்கியது.

அத்தனை வாரம் பார்த்தும் அந்தக் கதவுக்குப் பிறகு என்ன நடந்தது என்று நாங்கள் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் பெட்டி வந்துவிடும். அடுத்த வாரம் பெட்டி வராமல் போகட்டும் என்று நான் குமரகோட்டத்து முருகனிடம் வேண்டிக்கொண்டேன். முருகனுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை போலிருக்கிறது.

ஆகவே மிச்சத்தை நாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நானும் எதிர்வீட்டுச் சிநேகிதியும் மத்தியான வெயிலில் எங்கள் வீட்டுத் தறிக்கடியில் குளிர்ந்த மண்ணில் உட்கார்ந்து இதைத்தான் பேசுவோம். அந்த மூன்று குட்டிகள் யார்? கொக்குக்கு அவை என்ன உறவு? குடைக்காரி யார்?

"அவன் தான்டி அவுங்க அப்பன்" என்றாள் சிநேகிதி. "பொண்டாட்டி செத்துட்டா. ரெண்டாங் கல்யாணத்துக்கு அலையறான். எங்க அப்பா அப்படித்தான் பூ வாங்கிக்கினு போனாரு."

அவள் வீட்டில் சித்தி வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அவளுக்கு எல்லாப் படத்திலும் ரெண்டாங் கல்யாணம்தான் தெரியும். நான் ஒப்புக்கொள்ளவில்லை. என்னிடம் சாட்சி இருந்தது. ஒரு காட்சியில் நாவிதராக ஒரு நண்டு கத்தரியோடு வரும். கொக்கு ஒவ்வொரு குட்டியாக மடியில் உட்காரவைத்து முடி வெட்டக் கொடுக்கும். நம் ஊரில் முதல் மொட்டைக்குக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது யார்? காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்வது யார்? அப்பன் வைத்துக்கொள்வானா? தாய்மாமன்தானே?

"அது அவுங்க மாமன்" என்றேன். "அவன் அக்கா புள்ளைங்க அதுங்க."

"அப்போ அந்த அக்கா எங்க?"

"சமையல் கட்டுல இருப்பா. எப்பவும் அங்கதான இருப்பாங்க. படத்துல காட்டமாட்டாங்க."

இவ்வளவு தூரம் வந்தபிறகு குடைக்காரியின் இடம் தானாகவே விழுந்துவிட்டது. மாமன் ஒருவன் வீட்டில் இருக்கிறான், அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவன் பூவோடு ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறான். அப்படியானால் அவள் அவனுடைய அக்காவின் மூத்த பெண். வேறு யாராக இருக்க முடியும்? எங்கள் தெருவில் அப்படித்தான் நடக்கும். தாய்மாமன் வீட்டிலேயே இருக்கும்போது மூத்த பெண்ணுக்கு வெளியில் மாப்பிள்ளை தேடினால் ஊர் என்னமோ ஏதோ என்று பேசும். ஆனால் இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு முட்டுக்கட்டை. அக்கா மகள் என்றால் உரிமைப் பெண்ணாயிற்றே. உரிமைப் பெண்ணிடம் எந்த மாமனாவது போய்க் கெஞ்சுவானா? அவள்தான் கதவைச் சாத்துவாளா?

அக்காவைக் கேட்டோம். மாமாவின் தறி ஓரம் உட்கார்ந்து அவள் அன்றைக்கும் நாடா தள்ளிக்கொண்டிருந்தாள். உங்களில் தறி பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாகக் கோர்வைப் புடவை நெய்ய ஓர் ஆள் போதாது. நெய்கிறவர் ஊடுநூல் சுற்றிய உடல் நாடாவை வீசுவார். பக்கத்தில் உட்கார்ந்த இன்னொருவர் கரை நாடாவை வாங்கித் திருப்பித் தள்ள வேண்டும். ஒரு கண் தவறினாலும் கரை பிசகும். அப்பா தறியில் அம்மா. மாமா தறியில், பன்னிரண்டு வயதிலிருந்தே அக்கா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டு கை தன்பாட்டுக்கு நாடா தள்ளும். மாமா அவளுக்காகவே மெதுவாக நெய்வார் என்று அப்பா திட்டுவார்.

"அவுங்க யாரா இருந்தா இன்னாடி?" என்றாள் அக்கா. "அவ கதவ சாத்தறா பாரு, எனக்கு அதான் புடிச்சிருக்குது."

மாமா தலையை நிமிர்த்தாமல் சிரித்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு வாத்தியாரம்மா ஆக வேண்டும். ஆசை என்றுகூட அதைச் சொல்ல முடியாது. அவள் அப்படியே இருந்தாள். தெருப்பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வாள், கீழே விழுந்த சாக்பீஸ் துண்டுகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து பொறுக்கிவந்து ஓலைப்பெட்டியில் வைத்திருந்தாள். வெளியூரில் ஹாஸ்டலில் தங்கி இரண்டு வருஷம் ட்ரெயினிங் படித்தால் வேலை நிச்சயம் என்று அவளுடைய பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். அக்கா அதை வீட்டில் ஒரே ஒருமுறை சொன்னாள். அம்மா ராட்டினத்தை நிறுத்தாமல், "ரெண்டு வருஷமா? அப்போ உன் மாமா தறியில யாரு குந்துவா?" என்று கேட்டாள். அத்தோடு பேச்சு முடிந்தது. அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் பெரிய விஷயங்களை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். வேறு ஒன்றைக் கேட்டுவிட்டுச் சோறு போடப் போய்விடுவார்கள். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமாவுக்கும் அக்காவுக்கும் கல்யாணம் என்பதும் அப்படித்தான், யாரும் பேசி முடித்ததல்ல. அக்கா பிறந்ததிலிருந்து அது வீட்டில் இருந்தது. அக்காவுக்குக் காது குத்தும்போது மாமா பத்து வயதுப் பையன். ஆசாரி ஊசியைக் கொண்டுவந்ததும் மடியிலிருந்த குழந்தை அழுவதற்கு முன்னால் மாமா அழுதாராம். அதை அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். "அப்பவே அவளுக்காக அழுதவன்" என்று முடிப்பாள். அது பயத்தில் வந்த அழுகை என்று மாமா எத்தனையோ முறை சொல்லிவிட்டார். யார் கேட்டார்கள்?

அடுத்த சனிக்கிழமை மாட்னி விட்டு நடந்து வந்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது. மாமா எனக்கு ஒரு ஃபிலிம் துண்டு வாங்கித் தந்திருந்தார். ஆபரேட்டர் அவருக்குச் சிநேகிதர், கொக்குச் சுருள் அறுந்தபோது வெட்டிப்போட்டதைக் கொடுத்தாராம். மூன்று கட்டம். மூன்றிலும் கொக்கு கையைத் தூக்கிக் கதவைத் தட்டப் போகிறது. சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பின்னால் ஒரு வருஷம் வெள்ளையடிக்கும்போது அது எங்கோ தொலைந்தது. நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"மாமா, அவ அவனுக்கு அக்கா பொண்ணு தானே?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா?"

"நாங்களே கண்டுபுடிச்சோம்."

"சரி, அப்படியே இருக்கட்டும். அதுக்கு இன்னா இப்போ?"

"அக்கா பொண்ணுன்னா எதுக்குப் பூ வாங்கிக்கினு போய்க் கேட்டுக்கினு நிக்கறான்? முறை தானே? தாலி எடுத்துக்கினு வந்தா போதும் இல்ல?"

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். சோடாக் கடை தாண்டினோம்.

"கேட்டாத்தாம்மா அவ வேணாம்னு சொல்ல முடியும்" என்றார். "கேக்காமலே இருந்தா, பாவம், அவ எத வேணாம்னு சொல்லுவா?"

பின்னால் வந்துகொண்டிருந்த அக்காவின் செருப்புச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். நடு ரோட்டில் நின்று மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா திரும்பவில்லை, ஆனால் நடையை நிறுத்தி அவள் வந்து சேரட்டும் என்று காத்திருந்தார். மூன்று பேரும் சேர்ந்தே வீடு வரைக்கும் நடந்தோம். வாசல் வந்ததும் அக்கா என்னிடமிருந்த ஃபிலிம் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். தறிக்கு விளக்கு காட்டியாகிவிட்டது. அம்மா பின்கட்டில் இருந்தாள். அப்பா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். வாசல் கதவை யாரோ தட்டினார்கள். எங்கள் தெருவில் கதவைத் தட்டுகிற வழக்கமே கிடையாது. பகலில் கதவு மூடியிருக்கவே இருக்காது. அன்றைக்குப் பார்த்தால் மூடியிருந்தது. வெளியிலிருந்து இழுத்து மூடிவிட்டுத் தட்டியவர் மாமா என்று அக்கா திறந்தபிறகுதான் தெரிந்தது.

மாமா சலவை வேட்டி கட்டியிருந்தார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். கழுத்தை முன்னால் நீட்டி, ஒரு காலை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றார். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும்தான். மாமா பின்னாலிருந்து கையை எடுத்தார். தாமரை இலையில் சுற்றிய மல்லிகைச் சரம்.

"நான் உன்னக் கேக்கறேன்" என்று ஆரம்பித்தார். "உனக்கு..."

அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் சிரிப்பு நின்றது. கண்ணில் தண்ணீர் கோத்தது. கையைக் கூப்பினாள் என்றே நினைக்கிறேன், அல்லது கூப்பப்போனாள். பிறகு கதவில் கையை வைத்தாள். ஏற இறங்கப் பார்த்தாள், குடைக்காரி பார்க்கிற மாதிரியே. அந்தப் பக்கம் மாமாவின் முகத்தில் பெரிய பாரத்தை இறக்கிவைத்த சிரிப்பு. அக்கா கதவைச் சாத்தத் தொடங்கினாள். பழைய தேக்குக் கதவு, கனமானது, முனகிக்கொண்டு நகர்ந்தது. பாதி வந்தது.

"அடிப்பாவி!"

அம்மா பின்கட்டிலிருந்து ஓடிவந்தாள். கை நிறைய அரிசி மாவு. "வெள்ளிக்கிழம விளக்கு வெச்ச நேரத்துல பூவோட வந்து நிக்கறான், அவன் மூஞ்சியில கதவ சாத்துறியே! வெக்கப்பட ஒரு அளவு வேணாமா?"

கதவை இழுத்துத் திறந்தாள். மாமா கையிலிருந்த இலையைப் பிடுங்கினாள். சரத்தை உதறி, மாவுக்கையோடு அக்காவின் பின்னலில் சுற்றிவிட்டாள். அம்மா முகமெல்லாம் சந்தோஷம் பொங்கியது. "ஏங்க, பாருங்க! தம்பி பூ கொண்டாந்துட்டான்!" என்று அப்பாவைக் கூப்பிட்டாள்.

பூ வைத்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பெண் நிச்சயமான மாதிரி. தாம்பாளம், பழம், பெரியவர்கள் நாலு பேர் என்று முறையாகச் செய்வார்கள். முறை மாமனே வெள்ளிக்கிழமை பூவோடு வாசலில் வந்து நின்றால் அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடும். தம்பி பல வருஷமாக வாய் திறக்காமல் இருக்கிறானே என்று அம்மா ஏங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பூவில் வேறு என்ன தெரியும்? அவள் கொக்குப் படம் பார்த்ததில்லை.

நான் கத்தினேன். "அம்மா, அவ வேணாம்னு சொல்றாம்மா! மாமா கேக்கத்தான் வந்தாரு, அவ கதவ சாத்தறா! கொக்குப் படத்துல சாத்துவா இல்ல, அந்த மாதிரி!"

"நல்ல நேரத்துல கொக்கு இன்னாடி கொக்கு" என்று அம்மா என் தொடையில் நன்றாகத் திருகினாள். அதற்குள் சிநேகிதியின் சித்தி எதிர்வீட்டிலிருந்து வந்துவிட்டாள். அம்மா சர்க்கரை டப்பாவைத் திறந்துவிட்டாள். பத்து நிமிஷத்தில் தெருவில் இருந்த எல்லோர் வாயிலும் சர்க்கரை. அக்கா கதவைப் பிடித்த கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள். வருகிறவர்கள் அவள் கன்னத்தைத் தொட்டுக் கண்ணேறு கழித்துவிட்டுப் போனார்கள்.

கூட்டம் போனபிறகு மாமா அம்மாவிடம் பேசினார். நான் தொடையைத் தேய்த்துக்கொண்டு கேட்டேன்.

"அக்கா, நான் பூ வெக்க வரல. அவகிட்ட ஒரு வார்த்த கேக்கலாம்னு வந்தேன். அவ படிக்கணும்னு இருக்கறா."

"அவகிட்ட இன்னாடா கேக்கறது?" அம்மாவுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "அவ உன் அக்கா பொண்ணு. என் பொண்ண உனக்குத் தர நான் இருக்கறேன். அவள எதுக்குக் கேக்கணும்?"

"அவ கதவ சாத்தனா, அக்கா."

"நான்கூடத்தான் உன் மாமா, இதோ இவரு, பொண்ணு பாக்க வந்தப்ப அடுப்பங்கரையில போய் ஒளிஞ்சிக்கினேன். அதுக்கு வேணாம்னு அர்த்தமா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மச்சான், தெருவே சர்க்கரை துன்னாச்சி. இப்ப நீ வேணாம்னா, ஏன் வேணாம்னான்னு பேசுவாங்க. உன்னப் பேசமாட்டாங்க. அவளப் பேசுவாங்க. அந்தப் பேரோட எங்க போய்ப் படிப்பா அவ?"

மாமா என்ன செய்வார்? அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல வழி பண்ணத்தான் வந்தார். இப்போது அவர் வேண்டாம் என்றால் அவள் பெயர் கெடும். அவள் வேண்டாம் என்றால் வெட்கம் என்பார்கள். மாமா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சிநேகிதியைப் போய் அடித்தேன். அவள் பாவம், என்ன செய்தாள்?

அம்மாவைக் குறை சொல்லாதே என்பீர்கள். சொல்லத்தான் போகிறேன். பதினாலு வயதில் கட்டிக் கொடுத்து, மாமியாரிடம் அடி வாங்கி, தம்பியையும் வளர்த்தவள் அவள். மகளும் தம்பியும் ஒரே கூரைக்குள் இருந்தால் யாரும் அவர்களை அடிக்க மாட்டார்கள் என்று நினைத்தாள். அது பாசம்தான், எனக்கு இப்போது தெரிகிறது. தெரிந்தாலும் கோபம் போகவில்லை. பாசத்தோடு ஒருவர் வாயை ஒருவர் பொத்துவதை நாம் குடும்பம் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம். நீங்களும் பொத்தியிருப்பீர்கள், உங்கள் வாயையும் பொத்தியிருப்பார்கள்.

ஆவணியில் நாள் குறித்தார்கள். ஆடி முழுக்க மாமா தறியில் முகூர்த்தப் புடவை. உடல் அரக்கு, கரை பச்சை. கல்யாணப் பெண் தன் புடவைக்குத் தானே கரை நாடா தள்ளுவது எங்கள் தெருவில் பெருமையான விஷயம். பார்க்கவே பெண்கள் வருவார்கள். மாமா இந்தப் பக்கம், அக்கா அந்தப் பக்கம். இரண்டு பேரும் முகம் பார்க்காமல், ஒரு சொல் பேசாமல் நெய்தார்கள். மாமா பழையபடி மெதுவாக நெய்ய வேண்டிய அவசியம் இல்லை, அவள் மடியில் புத்தகம் இல்லை. தறி வேகமாக அடித்தது. "பாரு, எவ்ளோ ஒத்துமையா நெய்யறாங்க" என்றாள் அம்மா. அந்தக் கரையில் ஒரு பிசகு கிடையாது.

அந்த ஆடியில்தான் அக்காவோடு படித்த பெண்கள் டிரங்குப் பெட்டியோடு ட்ரெயினிங் ஸ்கூலுக்குப் பஸ் ஏறினார்கள். எங்கள் தெரு வழியாகத்தான் போனார்கள். அக்கா நாடாவை நிறுத்தவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் ஒரு சொல்லும் மாறவில்லை, அதுதான் விசித்திரம். அக்காவுக்கு மாமா மாமாதான். எனக்கும் மாமா மாமாதான். மாமா அப்பாவை முன்பும் மாமா என்றுதான் கூப்பிட்டார், பின்பும் அப்படியே. இரண்டு பாய் இடம் மாறிப் போட்டதோடு சரி. கொக்குப் படத்துக்கு மட்டும் அதன்பிறகு நாங்கள் போகவில்லை. ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். மாமா நல்ல மனுஷன். ஒரு நாள் அக்காவை அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அவள் சாக்பீஸ் பெட்டியைப் பரணில் ஏற்றியபோது இறக்கித் தந்தவர் அவர்தான். அவள் வாங்கித் திரும்பவும் ஏற்றிவிட்டாள். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், ஆளானார்கள். தறி போட்ட இடத்தில் வாடகைக்குக் கடை வந்தது. இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தார்களா என்று கேட்டால், இருந்தார்கள் என்றுதான் ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் மாமா போய்விட்டார். வருஷத் திதிக்குச் செவிலிமேட்டில் அக்காவின் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு எல்லோரும் கிளம்பிப் போனபிறகு நாங்கள் இருவர் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அக்கா மறுநாள் குழம்புக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதற்கோ வாய் திறந்து இதைக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு அம்மா வராம இருந்தா, மாமா முழுசாக் கேட்டிருந்தா, நீ இன்னா சொல்லியிருப்பே?"

அக்கா உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"எல்லாரும் எங்கிட்ட சோறு கேட்டீங்க, காப்பி கேட்டீங்க, கொழந்தையப் பாத்துக்கச் சொல்லிக் கேட்டீங்க" என்றாள். "இத நீதான்டி மொதல்ல கேக்கற."

"மாமா கேக்கலையா? அப்புறமாவது?"

"அவருக்கு பயம். நான் இன்னா சொல்லுவேனோன்னு."

"இன்னா சொல்லியிருப்பே?"

"வேணாம்னுதான்."

"மாமாவப் புடிக்கலியா உனக்கு?"

"ஏன்டி, அந்த மனுஷனப் போய் யாருக்காவது புடிக்காமப் போவுமா?" என்று என்னைக் கோபித்துக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், பூண்டுக் கை பட்டு இன்னும் எரிந்தது. "போய்ப் படிச்சிட்டு வந்து, அவரையே கட்டியிருப்பேன்னு வெச்சிக்கயேன். இதே வீடு, இதே புள்ளைங்க, எல்லாம் இப்படியே. ஆனா அந்த ரெண்டு வருஷம் எனக்கு வேணும்டி."